அடையில் வைத்த குஞ்சு

மதினி யாரையும் கேட்டு எதையும் செய்ததில்லை. கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள் என்பது அவள் எண்ணம். நல்லது என்று தனக்குப் பட்டதைச் செய்து முடித்துவிட்டு, ஒன்றும் நடக்காதது போலச் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு நிற்பாள்.

சொந்த மதினி இல்லை. ராஜபாளையத்தில் நான் கல்யாணமாகி வந்த வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவில் இடுப்பளவுச் சுவர் ஒன்றுதான். என் வீட்டுக்காரர் அவள் புருஷனை அண்ணன் என்பார்; அதனால் அவள் எனக்கு மதினி. நூல் மில்லில் கோன் வைண்டிங்கில் இருபது வருஷம் நின்று, முழங்கால் தேய்ந்து வீட்டில் உட்கார்ந்தவள். பையன்கள் இரண்டு பேரும் கோயம்புத்தூரில் வேலையில் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச், மற்ற நாளெல்லாம் கோழி. தெருவழியாகச் சுற்றி வரமாட்டாள். அந்தப் பக்கத்துத் துவைக்கிற கல்லில் ஏறி, முழங்காலைப் பிடித்துக்கொண்டே சுவரைத் தாண்டி இறங்கிவிடுவாள். தளவாய்புரத்திலிருந்து வெட்டிக் கொடுக்கும் நைட்டித் துணியை நான் வீட்டில் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தேன். மிஷின் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. முதுகுக்குப் பின்னால் ஆள் நிற்பது போலிருந்து திரும்பினால் மதினி நிற்பாள்.

அண்ணனுக்குச் சர்க்கரை இருப்பதாக டாக்டர் சொன்னபோது, சீனி போடாத டீயைக் கொண்டு வந்தால் டம்ளரோடு முற்றத்தில் எறிவேன் என்று அவர் சத்தம் போட்டார். மில் வாசலில் செக்யூரிட்டியாக இருந்தவர், குரல் பெரிது. மதினி சீனியை வாரத்துக்கு ஒரு சிட்டிகை குறைத்தாள். மூன்று மாதம் கழித்து அண்ணன் வெறும் டீயைக் குடித்துவிட்டு, கடையில் ஒருத்தனுக்கும் இப்படிப் போடத் தெரியவில்லை என்று எங்களிடம் பெருமையடித்துக்கொண்டிருந்தார்.

எங்கள் தெருவில் அண்ணன் தம்பி இரண்டு பேர், சாக்கடைத் தகராறில் ஆறு வருஷமாகப் பேச்சு கிடையாது. மூத்தவன் பெண்டாட்டியிடம், தம்பி காய்ச்சலில் எழுந்திரிக்க முடியாமல் கிடப்பதாக மதினி சொன்னாள். தம்பி பெண்டாட்டியிடம், மூத்தவர் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டதாகச் சொன்னாள். அன்று சாயங்காலம் இரண்டு பேரும் கையில் ஆரஞ்சுப் பையோடு நடுத்தெருவில் எதிரெதிரே நின்றார்கள். முதலில் முழித்தார்கள், பிறகு சிரித்துவிட்டார்கள். இந்தக் கதையை நான் எத்தனையோ பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அப்போது ஏமாந்தது நானில்லை.

கோழி விஷயம் நடந்தது அதற்கு அடுத்த வருஷம். மதினியின் செவலைக் கோழி அடைக்கு உட்கார்ந்திருந்தது. அந்த வருஷம் வெயில் கடுமை. இருபத்தோரு நாள் தாண்டியும் ஒரு முட்டைகூட விரியவில்லை. எல்லாம் கூமுட்டை. கோழி மட்டும் எழுந்திருக்க மறுத்தது. தீனிக்கு இறங்காது, தூக்கி வெளியே விட்டால் இறகைச் சிலிர்த்துக்கொண்டு ஓடி வந்து திரும்பவும் அந்த முட்டைகள்மேல் உட்காரும். கொண்டை வெளுத்து, நெஞ்செலும்பு கையில் தட்டுப்படும் அளவுக்கு இளைத்துவிட்டது.

இருபத்தைந்தாம் நாள் மதினி ஸ்ரீவில்லிபுத்தூர் போய், இன்குபேட்டர் வைத்துப் பொரிக்கிற ஒருவரிடமிருந்து ஒரு நாள் வயதுக் குஞ்சுகள் ஆறு வாங்கிவந்தாள். செருப்பு வந்த அட்டைப்பெட்டியில் துளை போட்டு, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்திருந்தாள். பொழுது அடைகிற நேரம். பெட்டியைப் பிடித்துக்கொள்ள என்னைக் கூப்பிட்டாள். கோழிக் கூடை இருந்த மூலையைச் சாக்கால் மறைத்து இருட்டாக்கினாள். கூடைக்குள் கிடந்த வைக்கோலை எடுத்துக் கையில் முழங்கை வரை தேய்த்துக்கொண்டாள். பிறகு ஒரு குஞ்சை உள்ளங்கையில் பொத்தி, கோழியின் பின்பக்கமாகக் கையை அடிவயிற்றுக்குக் கீழே நுழைத்தாள். கோழி புறங்கையில் கொத்தியது. கையை இழுக்கவில்லை. குஞ்சை அங்கே விட்டுவிட்டு, அதே கையால் ஒரு கூமுட்டையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

அடுத்த குஞ்சை உடனே எடுக்கவில்லை. கேளு என்பது போல விரலைக் காட்டினாள். உள்ளே குஞ்சு கீச்சென்றது. கோழி அசையாமல் இருந்தது. பிறகு தொண்டைக்குள்ளேயே, மிக மெதுவாக, ஒரு புதுச் சத்தம் கொடுத்தது. அதுவரை அந்தக் கோழியிடம் நான் கேட்டிராத சத்தம். அதற்கப்புறம்தான் மதினி மற்ற குஞ்சுகளை ஒவ்வொன்றாக வைத்தாள். இரண்டு முட்டைகளை மட்டும் சந்தேகம் வராமலிருக்க அடியிலேயே விட்டுவைத்தாள்.

“அதுக்குத் தெரியாதா மதினி?” என்று கேட்டேன்.

“தெரிஞ்சு என்னட்டி ஆகப்போவுது? அதுக்குக் குஞ்சு வேணும், இதுக்குச் சூடு வேணும். வெளிச்சத்துல கொண்டுபோயி ஏத்துக்கிடுதியான்னு நீட்டுனா கொத்திக் கொன்னுரும்.”

மறுநாள் காலை கோழியின் இறக்கைக்கு வெளியே ஆறு தலைகள் நீட்டிக்கொண்டிருந்தன. கறுப்புக் குஞ்சு ஒன்றை மட்டும் கோழி விரட்டி விரட்டிக் கொத்தியது. மதினி அதைத் தனியே எடுத்து வைத்திருந்து, சாயங்காலம் இருட்டியதும் திரும்ப வைத்தாள். இப்படி மூன்று நாள். நான்காம் நாள் அதுவும் கூட்டத்தோடு குருணை பொறுக்கியது.

அந்த வருஷம்தான் எனக்கு இரண்டாவது முறையும் கலைந்தது. முதலாவது மூன்றாம் மாதம், இது ஐந்தாம் மாதம். மதுரை ஆஸ்பத்திரிக்குப் போவதை நிறுத்திவிட்டோம். தெருவில் எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். மதினி மட்டும் சொல்லவில்லை. தினமும் ஒரு முட்டையை அவித்து உரித்துக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவாள், அவ்வளவுதான்.

சித்திரையில் ஒரு மத்தியானம் கரண்ட் போய்விட்டது. பாதி தைத்த நைட்டியை மிஷினிலேயே விட்டுவிட்டுத் தரையில் படுத்தேன். கண் விழித்தபோது வயிற்றின்மேல் ஒரு கால் கிடந்தது. சின்னக் கால், கொலுசு இல்லை, உள்ளங்காலில் செம்மண். மூன்று வயதிருக்கும் ஒரு பெண்குழந்தை என் பக்கத்தில் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தது. மதினி வாசல்படியில் உட்கார்ந்து கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அபி என்று பெயராம். மதினியின் ஊரான மம்சாபுரத்துப் பிள்ளையாம். பார்த்துக்கொண்டிருந்த கிழவி படுத்த படுக்கையாகிவிட்டாளாம்.

“அப்பன் விட்டுட்டுப் போயிட்டான். அதுக்கு அம்மா இல்லட்டி. ரெண்டு நாளு வச்சிரு. ஒங்க அண்ணன் சத்தத்துக்கு எங்க வீட்டுல பிள்ளை பயந்துரும்.”

இரண்டு நாள் இரண்டு வாரமானது. என் வீட்டுக்காரர் முதல் வாரம் கேள்வி கேட்டார். இரண்டாவது வாரம் சைக்கிளில் முன்சீட் மாட்டிக்கொண்டு வந்தார். பிள்ளை தொட்டியில் இறங்கி விளையாடும் என்று தண்ணீர்த் தொட்டிக்கு மூடி செய்து போட்டார். மதினியைப் பெரியம்மா என்று கூப்பிட அபிக்கு மதினியே சொல்லிக்கொடுத்தாள். என் பிள்ளையாக இருந்தாலும் அவளைப் பெரியம்மா என்றுதானே கூப்பிட வேண்டும். எனக்கு அதில் ஒன்றும் உறுத்தவில்லை. அண்ணன்கூடத் தினம் சாயங்காலம் காராச்சேவுப் பொட்டலத்தோடு வந்து சுவருக்கு அந்தப் பக்கம் நின்று, “எங்க அந்தக் கழுத?” என்பார். அபி ஓடிப்போய்க் கை நீட்டுவாள்.

முறைப்படி தத்து எடுத்துக்கொள்ளலாம் என்று நாங்கள் பேச்செடுத்தபோதெல்லாம் மதினி வேறு பேச்சுக்குப் போய்விடுவாள். பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டி வந்தபோது, நீ யூனிபாரத்தைத் தை, நான் போய்ச் சேர்த்துவிட்டு வாரேன் என்று பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அவளே போனாள். பிறப்புச் சான்றிதழில் என்ன எழுதியிருந்தது என்று நான் பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம். மம்சாபுரம் பஸ்ஸில் அரை மணி நேரம்தான், போய் விசாரித்திருக்கலாம். கேட்டால் ஏதாவது பதில் வந்துவிடுமோ என்ற பயத்தில் நானும்தான் கேட்காமலிருந்தேன்.

இரண்டரை வருஷம் அப்படி ஓடியது. நான்கு வயதில் அபிக்கு அம்மை போட்டது. பதினொரு நாள் வேப்பிலைப் படுக்கைக்குப் பக்கத்திலேயே கிடந்தேன். எழுத்தெல்லாம் நைட்டித் துணியில் சாக்பீஸால் எழுதித்தான் பழகினாள். என்னை அம்மா என்றாள். தெருவும் என்னை அபி அம்மா என்றது. கடைக்காரர் முதல் கேஸ் சிலிண்டர் போடுகிறவர் வரை அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

அண்ணன் ஒரு மாதம் கோயம்புத்தூரில் பையனோடு இருந்துவிட்டு வரலாம் என்று போயிருந்த சமயம். மதினி ஒரு காலையில் அதிசயமாகத் தெருவழியாக வந்தாள், கூட ஒரு பெண்ணோடு. இருபத்தேழு, இருபத்தெட்டு வயதிருக்கும். மெலிந்த முகம்.

“ஏந் தங்கச்சி. குவைத்துல வீட்டு வேலைக்கு இருந்தா, வந்துட்டா. ஒத்தையில உக்காந்து என்ன செய்வா, ஒன்கூட உக்காந்து தையல் பழகட்டும்.”

மதினிக்குத் தங்கச்சி உண்டு என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். அண்ணனுக்குப் பிடிக்காத ஒருவனோடு கிளம்பிப் போனவள், அதனால் வீட்டில் அவள் பேச்சே எடுப்பதில்லை என்று தணிந்த குரலில் சொன்னாள். நான் அந்தப் பெண்ணை உட்காரவைத்து ஓவர்லாக் மிஷினில் நூல் கோக்கக் கற்றுக்கொடுத்தேன். தினம் காலை ஒன்பது மணிக்கு வந்துவிடுவாள். அதிகம் பேசமாட்டாள். அபியைப் பார்த்தால் மட்டும் கை நின்றுவிடும். முதல் இரண்டு நாள் அபி அவளிடம் போகவில்லை. மூன்றாம் நாள் குவைத் சாக்லேட்டுக்குப் போனாள். ஐந்தாம் நாள் தலை பின்னிக்கொண்டாள். எட்டாம் நாள் அவள் மடியில் தூங்கினாள். பிள்ளையில்லாத ஏக்கம் போலிருக்கிறது, பாவம் என்று நானே அன்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். ஒன்பதாம் நாள் எனக்குத் தலைவலி. அபியைக் குளிப்பாட்டி விடச் சொல்லி அவளிடம் நானே கொடுத்தேன்.

பத்தாம் நாள் வாசலில் ஆட்டோ நின்றது. தங்கச்சிக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் வீடு பார்த்தாகிவிட்டதாம். அபியின் துணிகள் இரண்டு பைகளில் ஏற்கெனவே ஆட்டோவில் இருந்தன. துவைத்து மதினி வீட்டுக் கொடியில் காய்ந்த துணிகள். மதினி என் பக்கத்தில் வந்து, மெதுவாக, டீ வேணுமா என்று கேட்கிற குரலில் சொன்னாள்: “அவதான் அபியப் பெத்தவ. கூட்டிட்டுப் போறா.”

எனக்கு முதலில் புரியவில்லை. அம்மா இல்லை என்றீர்களே என்று கேட்டேன்.

“இல்லன்னுதான் சொன்னேன். செத்துப்போனான்னு சொல்லலையே. ஊர்ல இல்லாமத்தான இருந்தா.”

அந்தப் பெண் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, செய்த உதவியை மறக்கமாட்டேன் என்றாள். எப்படி இவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறாள் என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருந்தார். அவள் ஆட்டோவில் ஏறியதும் அபி அவள் மடியில் ஏறி உட்கார்ந்தாள். ஆட்டோ என்றால் அவளுக்கு இஷ்டம். அழவில்லை. எனக்குக் கையாட்டினாள்.

அன்றைக்குத்தான் மதினியிடம் சத்தம் போட்டேன். “ஏன்ட்ட ஒரு வார்த்தை கேட்டியளா? வரும்போதும் கேக்கல, போம்போதும் கேக்கல. என்னைய என்னன்னு நெனச்சிய?”

தலைகுனிந்து நின்றாள். பிறகு நிமிர்ந்து சொன்னாள்: “முன்னாடியே சொல்லியிருந்தா இம்புட்டுப் பாசமா வளத்திருப்பியாட்டி? அங்க பிள்ளை கெடந்து காஞ்சிருக்கும். ஒனக்கும்தான் ரெண்டரை வருசம் ஒரு பிள்ளை இருந்துச்சுல்லா.”

அதில் கேலி இல்லை, குத்தல் இல்லை. உண்மையாகவே நம்பிச் சொன்னாள். அதனால்தான் என்னால் தாங்க முடியவில்லை. கதவைச் சாத்திவிட்டேன். தன் தங்கச்சி பிள்ளையைத் தன் புருஷனுக்குத் தெரியாமல், தான் தினமும் பார்க்கிற தூரத்தில் வளர்க்க அவளுக்கு ஓர் இடம் தேவைப்பட்டது. ஆறு வருஷமாகச் சுவருக்கு இந்தப் பக்கம் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். என் வீட்டுக்காரர் அன்று சாயங்காலம் வந்து விஷயத்தைக் கேட்டார். சைக்கிளின் முன்சீட்டைக் கழற்ற ஸ்பேனரைத் தேடிக்கொண்டே இருந்தார்.

அண்ணன் கோயம்புத்தூரிலிருந்து வந்த மறுநாள், வாழ்நாளில் முதல் தடவையாக எங்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தார். “எனக்கும் தெரியாதும்மா,” என்றார். “கொழுந்தியா பிள்ளைன்னு தெரிஞ்சிருந்தா ஒரு சேவு வாங்கிக் குடுத்திருக்க மாட்டேன். அதச் சொல்லிட்டுப் போவோம்னுதான் வந்தேன். இப்பச் சொன்னா எனக்கே பொய்யாத் தெரியுது.” தண்ணீர் கொடுத்தேன். குடிக்காமல் எழுந்து போனார். அடுத்த மாதத்திலிருந்து ஞாயிறுதோறும் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏற ஆரம்பித்துவிட்டார். கொழுந்தியாளோடு பேச்சும் வந்துவிட்டது. மதினி நினைத்த காரியம் எல்லோருக்கும் நல்லபடியாகவே முடிந்தது, என்னைத் தவிர.

பதினோரு மாதம் நானும் மதினியும் பேசவில்லை. கல்லில் ஏறுகிற சத்தம் மட்டும் எப்போதாவது கேட்கும், பிறகு இறங்குகிற சத்தமும் கேட்கும். பிறகு அண்ணனுக்கு உடம்பு முடியாமல் இரண்டு பேரும் நிரந்தரமாகக் கோயம்புத்தூர் போனார்கள். கோழிகளை யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். வீட்டை விட்டுக் கிளம்பிய அன்று நான் வெளியே வரவில்லை.

போன வருஷம் புது நம்பரிலிருந்து ஒரு போன் வந்தது, மதினி. நலம் கேட்கவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. “வியாழக்கிழம நாலு மணிக்கு ஸ்கூல் வேன் அபியத் தெருமுனையில எறக்கி விடும். ஏந் தங்கச்சி தையல் கம்பெனியில இருந்து வர ஆறு ஆவும். நீ போயிப் பாத்துட்டு வா. தங்கச்சிக்குத் தெரிய வேண்டாம்.” தெருவின் அடையாளம் சொன்னாள். வைத்துவிட்டாள்.

போகக் கூடாது என்று புதன்கிழமை முழுவதும் நினைத்தேன். வியாழக்கிழமை மூன்று மணிக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன்.

அபி வளர்ந்துவிட்டாள். முன்பல் இரண்டு விழுந்து முளைத்துக்கொண்டிருந்தன. என்னைப் பார்த்ததும் நின்று, சிரித்து, “அத்தை” என்றாள். யார் சொல்லிக்கொடுத்தது என்று நான் கேட்கவில்லை. பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தி, “நீங்க வருவீங்கன்னு பெரியம்மா போன்ல சொன்னாங்க. அம்மாட்டச் சொல்லக் கூடாதாம்” என்றாள்.

அதைச் சொல்லும்போது அந்த முகத்தில் இருந்த சாமர்த்தியத்தைப் பார்த்து எனக்குப் பயமாகிவிட்டது. ஏழு வயதுப் பிள்ளை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். சாவி அவளிடமே இருந்தது. நான் உள்ளே போகவில்லை. வாசல்படியிலேயே உட்கார்ந்தேன். அபி உள்ளே டிவி போட்டுக்கொண்டாள். இரண்டு மணி நேரம் அவளோடு இருந்துவிட்டுச் சத்தமில்லாமல் பஸ் ஏறியிருக்கலாம். ஆறு மணி வரை படியிலேயே இருந்தேன்.

தங்கச்சி வந்தாள். என்னைப் பார்த்துத் திகைத்தாள். “கேக்காம வந்துட்டேன். மதினிதான் நேரம் சொன்னாங்க. ஒனக்குத் தெரியாமப் பாத்துட்டுப் போக மனசு வரல,” என்றேன்.

அவள் பையை இறக்கி வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஏன் இவ்வளவு நாளாக ஒரு தடவைகூட வரவில்லை என்று கேட்டாள். எங்கள் பிள்ளை என்று வளர்த்ததை ஒரே நாளில் பறிகொடுத்துவிட்டு எந்த முகத்தோடு வருவது என்றேன். அவள் என்னையே பார்த்தாள்.

“நான் திரும்பி வார வரைக்கும் பாத்துக்கிடுதேன்னு நீங்கதான ஒத்துக்கிட்டிய? எல்லாம் தெரிஞ்சுதான் வச்சிருக்கான்னு அக்கா சொன்னா. பிரிய மனசு கஷ்டப்படும், அதப் பத்தி அவகிட்டப் பேசிராதன்னு சொல்லித்தான் என்னை ஒங்க வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தா.”

பத்து நாள் பக்கத்துப் பக்கத்து மிஷினில் உட்கார்ந்து நாங்கள் இரண்டு பேரும் பேசாமலிருந்தது இதனால்தானா. எனக்கு எல்லாம் தெரியும் என்று அவளும், அவளுக்குப் பிள்ளை இல்லை என்று நானும் நினைத்துக்கொண்டு நூல் கோத்திருக்கிறோம். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அபி என்னை அம்மா என்று கூப்பிட்டபோதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததாகச் சொன்னாள்.

பிறகு டீ போட்டுக்கொண்டு வந்தாள். அந்த இரண்டரை வருஷத்தைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்டாள். அம்மை எப்போது போட்டது, முதலில் என்ன எழுதினாள், எதைச் சாப்பிட அழுவாள். நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில், டம்ளரைப் பார்த்துக்கொண்டு, தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

“என்னையத் தேடுனாளா?”

உள்ளே டிவியில் ஏதோ பொம்மைப் படம் ஓடிக்கொண்டிருந்தது.

“தேடாம இருப்பாளா? மொத ஒரு மாசம் தெனமும் கேட்டா, எங்கம்மா எப்ப வரும்னு. எனக்குத்தான் பதில் சொல்லத் தெரியல,” என்றேன்.

அவள் துப்பட்டாவை முகத்தில் அழுத்திக்கொண்டு வெகுநேரம் அழுதாள். முகத்தைத் துடைத்து நிமிர்ந்தபோது பத்து வயது குறைந்தாற்போலிருந்தாள். அடுத்த வாரமும் வரச் சொன்னாள்.

அபி ஒருநாள்கூடக் கேட்டதில்லை. வந்த மூன்றாம் நாள் காலையில், கண்ணைக் கசக்கிக்கொண்டே, என்னைத்தான் அம்மா என்று கூப்பிட்டாள்.